ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

ஜூன் 9, திங்கள்

அண்ணன் வந்துவிட்டார். முத்துநகர் எக்ஸ்பிரஸ் சரியான நேரத்துக்கு வந்தது, நான்தான் தாமதம். எழும்பூரில் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிகிறது, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கிறது. மதினி மக்ரூன் பெட்டி கொடுத்து அனுப்பியிருக்கிறாள். பாதி நொறுங்கிப்போயிருந்தது.

கில்பர்ட் அண்ணனுக்கு ஈரலில் நீர்க்கட்டி. நாயின் குடலில் இருக்கும் நாடாப்புழுவின் முட்டை எப்படியோ மனிதன் வயிற்றுக்குள் போய், அதன் குஞ்சு தன்னைச் சுற்றித் தண்ணீர்ப் பை கட்டிக்கொண்டு வளர்வது. சில வருடங்களுக்கு முன் ஊரில் அறுத்து எடுத்தபோது பை உடைந்து உள்ளேயே சிந்திவிட்டது. சிந்திய இடமெல்லாம் புதிதாக முளைத்துவிட்டது. அதற்கு உள்ள ஒரே மாத்திரையைத் தின்று ஈரல் வீங்கி, முடி கொட்டி, இப்போது அதையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஈரல் தேறும்வரை சென்னையில் என்னோடு இருந்து, இங்குள்ள டாக்டர் நிஜாமுதீனிடம் காட்டுவதாக ஏற்பாடு.

நான் ஆராய்ச்சி செய்வதும் இதே புழுவைத்தான். சொன்னால் எல்லோரும் அண்ணனுக்காகவே இந்தத் துறைக்கு வந்தேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. நான் வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்கு வந்தது. யாரிடமும் திருத்திச் சொல்ல இப்போது தெம்பில்லை.

மாலை கேஸ் தீர்ந்துவிட்டது. ஓட்டலில் இட்லி வாங்கி வந்தேன்.

ஜூன் 14, சனி

மூன்று கூண்டு எலிகளுக்கும் மருந்து கொடுத்து முடித்தேன். ஒவ்வொன்றையும் கழுத்துப் பிடரியில் பிடித்துத் தூக்கி, வளைந்த குழலை வாய் வழியாக இறக்கி, மருந்தை நேரே வயிற்றில் விட வேண்டும். ஒரு கூண்டுக்கு வழக்கமான மாத்திரை. இன்னொன்றுக்கு மலேரியா மருந்து, மெஃப்லோகுயின். மூன்றாவதற்கு வெறும் எண்ணெய். எல்லாவற்றின் வயிற்றிலும் கசாப்புக்கூடத்து ஆட்டீரலிலிருந்து எடுத்த புழுக்குஞ்சு வளர்கிறது. கை வலிக்கிறது. எலிகளுக்கு என்னைக் கண்டாலே பயம்.

சாப்பிடும்போது அண்ணன், "அப்படி என்ன மருந்து பிள்ள அது?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"அட, அது எங்க ஞாயித்துக்கிழம மாத்திரைல்லா! லாகோஸ் பக்கம் கப்பல் போச்சுன்னா வாரம் ஒண்ணு தருவான். கேப்டன் முன்னாடி நின்னு முழுங்கணும். அன்னைக்கு ராத்திரி பூராவும் கெட்ட கெட்ட சொப்பனமா வரும். அதான?"

"அதேதான் அண்ணே."

"மலேரியா கொசுவுக்கு உள்ளது புழுவ எப்படிக் கொல்லும்?"

கொசுவை இல்லை, கொசு கொண்டுவரும் கிருமியைக் கொல்வது என்று ஆரம்பித்து விளக்கினேன். கப்பல் எஞ்சின் ரூமில் பிட்டராக இருந்தவர், எதையும் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு. கடைசியில், "கொல்லுமா கொல்லாதான்னு இன்னும் பத்து நாள் கழிச்சுத்தான் தெரியும்" என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை இரண்டு பேரும். துணி துவைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

கொன்றாயிற்று. ஆராய்ச்சிக் கட்டுரையில் வேறு சொல் எழுதுவோம். காலையிலிருந்து ஒவ்வொன்றாக வயிற்றைத் திறந்து, கட்டிகளைப் பிரித்தெடுத்துத் தராசில் வைத்தேன். எண்ணெய்க் கூண்டு எலிகளின் வயிற்றில் கட்டி திராட்சைக் கொத்துப்போல நிறைந்திருந்தது. மலேரியா மருந்துக் கூண்டில் பல எலிகளுக்குச் சுருங்கி, மஞ்சளாகி, தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தது. என் ஆராய்ச்சி வழிகாட்டி வசுந்தரா மேடம் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "ஒரு தடவை வந்ததை நம்பாதே. இரண்டாவது பேட்ச் இருக்கு இல்லையா, அதுலயும் வரட்டும்" என்றார். ஆனால் அவர் முகமும் மலர்ந்துதான் இருந்தது.

அந்தக் கூண்டு எலிகள் இளைத்திருந்தன. சிலவற்றுக்கு நடுக்கம். அதையும் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணனிடம் சொன்னேன். இத்தனை வருடத்தில் சந்தோஷமாகச் சொல்ல ஏதாவது இருந்ததா? அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாம் கேட்டார். எலிக்கு எவ்வளவு கொடுத்தாய், வாரம் எத்தனை தடவை, எலி என்ன எடை. எலியின் கணக்கை மனிதனுக்கு அப்படியே பெருக்கக் கூடாது, சின்ன உடம்பு மருந்தைச் சீக்கிரம் எரித்துவிடும், அதனால் ஒரு எண்ணால் வகுத்துக் குறைக்க வேண்டும் என்று விளக்கினேன்.

"அப்ப என்னை மாதிரி ஆளுக்கு வாரம் ரெண்டு தடவ, ரெண்டு ரெண்டு மாத்திரை வரும்."

"கணக்குக்கு அப்படி வரும்" என்றேன்.

கணக்குப் பாடத்தில் அண்ணன் எப்போதும் கெட்டி.

ஜூன் 29, ஞாயிறு

அண்ணன் ராயபுரம் போய் மச்சாதுவைப் பார்த்துவிட்டு வந்தார். மச்சாது அவரோடு ஒரே கப்பலில் இருந்தவர், இப்போது கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஆபீசில் இருக்கிறார். வெளியே போய் வந்தது நல்லதுதான். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் மனசு கெட்டுப்போகும். கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். மச்சாது கொடுத்த ஹார்லிக்ஸ் என்றார். ஹார்லிக்ஸ் பாட்டில் அவ்வளவு சின்னதாகவும் வருகிறது போல.

ஜூலை 3, வியாழன்

தண்ணீர் லாரி வரவில்லை. இரண்டாவது பேட்ச் எலிகளுக்குக் கூண்டு மாற்றினேன்.

ஜூலை 8, செவ்வாய்

அண்ணனுக்குத் தலைசுற்றல். பாத்ரூமிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். "கப்பல் ஆடுது பிள்ள" என்று சிரித்தார். ரத்தம் குறைவாக இருக்கும். பேரீச்சம்பழம் வாங்க வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

விடிவதற்கு முன்னால் அண்ணன் கத்திய சத்தத்தில் எழுந்தேன். எஞ்சின் ரூமில் தண்ணீர் ஏறுவதாகக் கனவு. முகத்தைக் கழுவிவிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். கோப்பையைப் பிடித்திருந்த கை நடுங்கியது. இப்போதெல்லாம் விளக்கை அணைக்க விடுவதில்லை. நோயாளிக்குக் கெட்ட கனவு வருவது அதிசயமில்லை. டாக்டர் நிஜாமுதீனிடம் அடுத்த தடவை தூக்க மாத்திரை கேட்கலாம் என்றேன். "வேற மாத்திரை எதுவும் இப்ப வேண்டாம்" என்றார்.

வேற என்றார்.

இன்று மேடம் எலிகளின் நடுக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதித் தரச் சொன்னார். அந்த மருந்து மூளைக்குள் போய்த் தங்கும், மனிதர்களில் பயம், குழப்பம், இல்லாததைப் பார்ப்பது எல்லாம் உண்டு என்று பழைய கட்டுரைகளிலிருந்து எடுத்து எழுதிக் கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்றார்.

ஜூலை 19, சனி

மதினி போன் செய்தாள். ஆய்வுக்கூடத்துக்கு அவள் ஒருபோதும் போன் செய்ததில்லை.

"ஜெனோ, ஒங்கண்ணன் நல்லாத்தான் இருக்காவளா?"

"ஏன் மதினி?"

"நேத்து வீடியோல பேசுனாவ. பின்சியக் காட்டுனேன். 'இது யாரு, இவ யாரு'ன்னு கேக்காவ. பிள்ள அப்பா அப்பான்னு கூப்புடுது. 'இவள அங்கேருந்து போகச் சொல்லு'ன்னு கத்திட்டு வச்சிட்டாவ. பிள்ள சாப்பிடவே இல்ல."

நெட்வொர்க் சரியாக இருந்திருக்காது, முகம் தெளிவாகத் தெரிந்திருக்காது என்றேன். "நீ பாத்துக்கிடு" என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் பொறுமையாகக் கேட்கலாம் என்றிருந்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. எனக்கும் அசதி.

ஜூலை 22, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

மதியம் அண்ணன் எண்ணிலிருந்து போன். பேசியது பெரம்பூர் ஸ்டேஷனில் பூ விற்கும் அம்மா. அண்ணனின் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துக் கடைசியாகப் பேசிய எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். போட்டது போட்டபடி ஆட்டோவில் போனேன். பிளாட்பாரத்துத் தூணில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். அந்த அம்மா அவர் சட்டைப் பின்பக்கத்தை இன்னும் விடாமல் பிடித்திருந்தார்.

"இன்னாமா, ஒன் ஆளா? வண்டி வர்ற டைம்ல விளிம்புல போய் நின்னுக்கினு கீழ எறங்கப் பாக்குறாரு. எறங்குனா தண்ணி வத்திரும்னு இன்னாவோ சொல்றாரு. இஸ்து இஸ்து என் கையே போச்சு."

அண்ணன் என்னைப் பார்த்தார். தெரிந்த பார்வை இல்லை. பிறகு தெரிந்துகொண்டார், அது இன்னும் மோசம்.

"நீயா? என்ன எந்தக் கூண்டுல போட்ருக்க? மருந்துக் கூண்டா, எண்ணெய்க் கூண்டா?"

சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இன்றுதான் புரிந்தது என்று எழுத வந்தேன். அடித்துவிட்டேன்.

ஆட்டோவில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எத்தனை நாளா அண்ணே?" என்று கேட்டேன். "மச்சாதுகிட்டேருந்து வந்த அன்னைலேருந்து. வாரத்துக்கு ரெண்டு தடவ. சுருங்கிருச்சுன்னா ஒனக்கும் நல்லதுதான பிள்ள. எலிக்கு மட்டும்னா யாரு நம்புவா? நான் சாட்சியா நிப்பேம்லா."

நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தோம். வார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூலை 23, புதன்

டாக்டர் நிஜாமுதீன் சத்தம் போடுகிறவர் இல்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"இவருக்கு ஈரல் ஏற்கெனவே மோசம். இந்த மருந்தை வெளியேத்த வேண்டியதே ஈரல்தான். உள்ள போனது வெளிய போகாம சேர்ந்துக்கிட்டே இருந்திருக்கு. நிறுத்தினாலும் உடனே தெளியாது, இது உடம்புல வாரக்கணக்கா தங்கும். யாருங்க இந்த அளவு சொன்னது?"

அண்ணன் கட்டிலிலிருந்து, "நானே போட்ட கணக்கு சார். கப்பல்ல பழக்கம்" என்றார். அந்த நேரம் பார்த்துத் தெளிவாக இருந்தார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஸ்கேன் உறையை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேனில் பெரிய கட்டி கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது. அளக்கும்போது வரும் முன்பின் வித்தியாசம் அவ்வளவு இருக்கும் என்றார். மற்றவை அப்படியே.

ஜூலை 28, திங்கள்

மேடம் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நான் சொல்லித்தான் தெரிந்தது, வேறெப்படி.

"இன்னும் முடியாத சோதனையோட ரிசல்டை வீட்டுல போய்ச் சொன்னியா?"

"ஆமாம் மேடம்."

"அளவும் நீதான் சொன்னியா?"

"ஆமாம்."

மேசைமேல் இருந்த பேனாவை மூடித் திறந்து மூடினார். பிறகு சொன்னார்: இரண்டாவது பேட்சில் எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து என்று எனக்குத் தெரியக் கூடாது. மருந்தை அவரே கலந்து எண் ஒட்டிய குப்பிகளில் தருவார். கட்டிகளை எடை போடும்வரை எனக்குத் தெரியாது. "உன்னைத் தண்டிக்கறதுக்கு இல்லை. நீ இப்ப எதைப் பார்த்தாலும் சுருங்கினதாத்தான் தெரியும். இல்லேன்னா, சுருங்கவே கூடாதுன்னு பார்ப்பே. ரெண்டும் வேண்டாம்."

சரி என்றேன். உண்மையில் நிம்மதியாக இருந்தது. தெரியாமல் இருப்பதற்கு யாராவது அனுமதி கொடுத்தால் போதும்போல இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அண்ணன் தூங்கினார். பகலிலும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மதினி வந்து அண்ணனை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். தலைசுற்றல் குறைந்துவிட்டது. கூட்டத்தைக் கண்டால் மட்டும் நின்றுவிடுகிறார். பழைய மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள், ஈரல் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு.

மதினி சமையலறைக்கு வந்து நின்றாள். நான் பயணத்துக்குப் புளிசோறு கட்டிக்கொண்டிருந்தேன்.

"போன் பண்ணுனேம்லா ஒனக்கு" என்றாள்.

"ஆமா மதினி."

பொட்டலத்துக்கு நூல் சுற்ற ஒரு கை பிடித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 11

குழல், எலி, குப்பி. எண் மட்டும். என்ன விடுகிறேன் என்று தெரியாமல் விடுகிறேன்.

அக்டோபர் 2

கல்லூரி விடுமுறை. எலிகளுக்கு விடுமுறை கிடையாது. போய் வந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

எடை போட்டு முடித்தபின் மேடம் உறையைப் பிரித்துப் பட்டியலை மேசைமேல் வைத்தார். மலேரியா மருந்துக் கூண்டில் கட்டிகள் சின்னவைதான். முதல் தடவை அளவுக்கு இல்லை, ஆனால் தற்செயல் என்று தள்ள முடியாது. வேலை செய்கிறது. எலிகளில், அந்த அளவில், வேலை செய்கிறது.

மேடம் என் தோளைத் தட்டினார். "டீ குடிச்சிட்டு வா" என்றார். கேன்டீனில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

அண்ணனுக்குக் கண் மஞ்சளித்திருக்கிறது. ஒரு கட்டி பித்தக் குழாயை அழுத்துகிறதாம். அதை மட்டுமாவது அறுத்து எடுக்க வேண்டும், மறுபடி சிந்தினால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர் நிஜாமுதீன்.

போனில் பேசினேன். முதலில் உடம்பைத்தான் விசாரித்தேன். பிறகு நானே ஆரம்பித்தேன்.

"அண்ணே, ரெண்டாவது பேட்ச்சுலயும் வந்துருச்சு. நான் எதுவும் தெரியாமப் போட்ட எடை, ஏமாத்த வழியே இல்ல."

"நெசமாவா? சந்தோசம் பிள்ள."

"கேளுங்கண்ணே. மேடம்கிட்டயும் டாக்டர்கிட்டயும் நான் பேசுதேன். ரொம்பக் குறைச்ச அளவு. ஆஸ்பத்திரிலயே படுக்க வச்சு, தெனம் ரத்தம் எடுத்துப் பாத்து, அனுமதி எல்லாம் வாங்கி, முறையா. கத்தி வைக்காமலே முடிஞ்சாலும் முடியும்."

அந்தப் பக்கம் கடல் காற்றோ மின்விசிறியோ, ஒரே இரைச்சல்.

"ஜெனோ, நான் மாட்டேன்."

"அண்ணே..."

"கத்தி வச்சா வைக்கட்டும். செத்தாலும் எம் புத்தியோட சாவேன். எம் பிள்ளயப் பாத்து யாருன்னு கேட்டேன் பாரு. அவ இன்னும் எங்கிட்ட வரும்போது மொதல்ல அவ பேரச் சொல்லிட்டுத்தான் வாரா. 'அப்பா, பின்சி வாரேன்'ங்கா. அது போதும் எனக்கு. மறுபடி என்ன அங்க அனுப்பாத."

என் குரலே எனக்குக் கேட்டது. ஜூன் மாதம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பேசிய அதே அவசரம். சரி அண்ணே என்றேன். சரி என்று சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் எடுத்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

நாளை ஆபரேஷன். அண்ணனும் மதினியும் நேற்று வந்தார்கள். மாலையில் டாக்டர் நிஜாமுதீன் கையெழுத்து வாங்க வந்தபோது, எடுக்கிற கட்டியைப் பரிசோதனைக்குப் பிறகு அழித்துவிடுவோம் என்றார். அண்ணன் கையை உயர்த்தினார், வகுப்பில் பையன் உயர்த்துகிற மாதிரி.

"சார், அத எந்தங்கச்சிக்குக் குடுக்க முடியுமா? அவ அதத்தான் படிக்கா. ஆட்டுல உள்ளதத்தான இதுவரைக்கும் வச்சிருக்கா."

டாக்டர் என்னைப் பார்த்தார். கல்லூரியில் அனுமதி வாங்கினால் கொடுக்கலாம், நோயாளி சம்மதித்தால் தடையில்லை என்றார்.

டாக்டர் போனதும் அண்ணனிடம் சண்டை போட்டேன். எதற்கு இதெல்லாம், இப்போது யார் கேட்டது, முதலில் பிழைத்து வாருங்கள் என்று. மதினி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"கோவப்படாத பிள்ள. ஒன் மருந்த அது மேல ஊத்து. எம் மேல வேண்டாம். அவ்வளவுதான."

மதினி ஒரு சுளையை என் கையில் வைத்தாள்.

டிசம்பர் 10, புதன்

முடிந்தது. சிந்தவில்லை. முதலில் பைக்குள் மருந்தைச் செலுத்திக் கொன்றுவிட்டு எடுப்பது வழக்கம். குழாயை அழுத்திய பெரிய பைக்கு அப்படித்தான் செய்தார்களாம். ஓரத்தில் தனியாக இருந்த சின்னப் பை ஒன்றை மட்டும் சுற்றுச் சதையோடு முழுசாக எடுத்துவிட முடிந்ததாம். மேடம் காலையிலேயே வாங்கி அனுப்பிய அனுமதிக் கடிதத்தைக் காட்டியதும் அதை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அண்ணன் இன்னும் கண் திறக்கவில்லை. சிறியவை உள்ளே நிறைய பாக்கி இருக்கின்றன. அவற்றோடு அவர் இருக்கத்தான் வேண்டும்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த பெண் மீனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 12, வெள்ளி

நேற்றே பையைத் திறந்து, புழுக்குஞ்சுகளைக் கழுவிக் கிண்ணங்களில் பிரித்திருந்தேன். மண் துகள் அளவுதான் ஒவ்வொன்றும். நுண்ணோக்கியில் பார்த்தால் நெளிகின்றன, சுருங்கி விரிகின்றன. ஆட்டினுடையதைப் போலவேதான் இருந்தன. ஏன் வேறு மாதிரி இருக்குமென்று நினைத்தேனோ. சில கிண்ணங்களில் மெஃப்லோகுயின், சிலவற்றில் ஒன்றுமில்லை. மருந்து விட்டதும் எண் ஒட்டியதும் மேடம். எது எதுவென்று எனக்குத் தெரியாது.

இன்று காலை ஒவ்வொரு கிண்ணமாகப் பார்த்தேன். சிலவற்றில் எல்லாம் நெளிந்துகொண்டிருந்தன. சிலவற்றில் ஒன்றுகூட அசையவில்லை. சாயம் விட்டுப் பார்த்தேன். உயிரில்லாதவைதான் நீலம் குடிக்கும். குடித்துவிட்டன. மேடம் பட்டியலைக் காட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. காட்டியபின் ஒருமுறை மறுபடி பார்த்தேன்.

அண்ணனுக்கு வார்டுக்குள் போன் அனுமதி கொடுத்திருந்தார்கள். மதினிதான் எடுத்தாள், காதில் வைத்துப் பிடித்தாள்.

"அண்ணே, உங்களோடது. மருந்து விட்டது எல்லாம் செத்துருச்சு."

தையல் வலிக்கும் என்பதால் மெதுவாகத்தான் சிரித்தார். மூச்சு மட்டும் கேட்டது.

"எல்லாமுமா?"

"எல்லாம்."

"விடாதது?"

"உயிரோட இருக்கு."

மதினி போனை மறு காதுக்கு மாற்றி வைப்பது கேட்டது.

"நல்லாப் பாத்தியா பிள்ள?"

"நல்லாப் பாத்தேன் அண்ணே."

"சரி. அப்ப நீ வீட்டுக்குப் போயித் தூங்கு. பொழுதுக்கும் நின்னுக்கிட்டே இருந்துருப்ப."

மேடத்திடம் சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, வெளியே வந்தேன்.